ஜெனிற்றா போட்ட ஊசி

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். வயது இருபத்தொன்பது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

செய்த வேலை இதுதான். சைக்கிள் போட்டி முடிந்ததும் வென்ற பெண்ணிடம் ஓடிப்போய், "உங்களைப் பரிசோதனைக்குத் தெரிவுசெய்திருக்கிறம்" என்று சொல்ல வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அவர் போகிற இடமெல்லாம் போக வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. கடைசியில் அவர் சலம் கழிப்பதையும் பார்த்து, அது போத்தலுக்குள் பூட்டுப்படும்வரை கூடவே நிற்க வேண்டும். ஊக்கமருந்து இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது ஆய்வுகூடத்தின் பாடு. இடையில் யாரும் விளையாட்டுக் காட்டாமல் பார்ப்பது என் பாடு. இந்த உத்தியோகத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டைலான பெயர் ஒன்று இருக்கிறது. வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கையில் எனக்கு வைத்த பெயர் "சலம் மிஸ்". அப்பா கமக்காரர் கூட்டத்தில் "மகள் ஸ்போர்ட்ஸ் பக்கம் வேலை" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே வாய்க்கால் தண்ணீர்க் கதைக்குத் தாவிவிடுவார்.

இப்போது ஆசிரியர் நியமனம் வந்திருக்கிறது. மரியாதையான வேலை. பிள்ளைகள் ஒன்றுக்குப் போகட்டுமா என்று கேட்பார்கள், நான் கூடப் போகத் தேவையில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், வெளிநாட்டுச் சைக்கிள் சம்பியன் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று செய்தி வந்ததிலிருந்து எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருக்கிறது. "எல்லாரும் கள்ளர், இனிப் பாக்கவே மாட்டன்" என்கிறான் ஒருத்தன். அடுத்த நாள் போட்டியின் லிங்கை முதலில் போடுகிறவனும் அவன்தான். "அந்த மலையை மருந்தில்லாமல் நீ ஏறிக் காட்டடா, உன்ர ஒழுங்கை மேட்டில இறங்கி உருட்டுறனி" என்கிறான் இன்னொருத்தன். மருந்தடித்தவன் கெட்டவனா, பாவமா, எல்லாரும் அடிக்கும்போது அடிக்காதவன் மடையனா என்று விடிய விடிய அடிபாடு. இதற்குள் என் வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பிள்ளைகள் தனியாக மெசேஜ் போட்டார்கள். "அக்கா, நீங்கள் இவ்வளவு பேரைக் கிட்ட நிண்டு பாத்தனீங்கள். ஆர் களவு, ஆர் நேர்மை எண்டு முகத்தில தெரியுமோ?"

தெரியாது, தங்கச்சிமாரே. சத்தியமாகத் தெரியாது. ஆனால் ஒரு கதை இருக்கிறது. அதை எழுதட்டுமா என்று அந்தக் கதைக்குரியவளிடமே கேட்டேன். "எழுதுங்கோ அக்கா. ஆனா வெண்டதை விட்டிட்டு ஊசியை மட்டும் எழுதக் கூடாது" என்றாள். ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன்: அவள் வென்றாள்.

பயிற்சிக் காலத்தை நீட்டப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படித்தேன். முடித்துவிட்டு வீட்டில் போன் நோண்டினேன். விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. கொழும்பில் ஏசிக் குளிருக்குள் நடுங்கிக்கொண்டு வகுப்பு, ஒரு பரீட்சை, கழுத்தில் ஒரு அட்டை. அவ்வளவுதான். உண்மையான படிப்பு திலகா மேடத்திடம் தொடங்கியது.

திலகா மேடம்தான் எனக்கு மேலதிகாரி. வவுனியாக்காரி, பல வருடம் ஆசுப்பத்திரியில் தாதியாக இருந்தவர். சோதனை அறைக்குள் காலை வைத்தவுடன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். வெளியே வரும்வரை அவிழ்க்க மாட்டார். முதல்நாள் நான் உதவி செய்கிறேன் என்று ஒரு வீராங்கனைக்குப் போத்தல் பெட்டியை எடுத்துக் கொடுக்கப் போனேன். மேடம் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "பிள்ளை, கையை எடு" என்றார், குழந்தை அடுப்படிக்குப் போனால் சொல்கிற மாதிரி. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கோப்பையைத் தெரிவுசெய்யிறது வீராங்கனையள், உடைக்கிறது அவை, ஊத்துறது அவை, பூட்டுறது அவை. நீ ஒருக்காத் தொட்டாய் எண்டா, நாளைக்கு ஏதும் பிடிபட்டா, உன்ர கையிலதான் முடியும்."

அந்த அறையில் நடப்பதை வெளியே யாரும் நம்புவதில்லை, ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். முத்திரையிட்ட கோப்பைகள் சில மேசையில் இருக்கும், விளையாட்டு வீராங்கனை தனக்குப் பிடித்ததை எடுப்பார். கிழிந்திருக்கிறதா என்று அவரே திருப்பிப் பார்ப்பார். கையைத் தண்ணீரில் கழுவுவார். பிறகு நானும் அவரும் கழிப்பறைக்குள். சட்டை நெஞ்சுவரை மேலே, சட்டைக் கை முழங்கைவரை மேலே, காற்சட்டை முழங்காலுக்குக் கீழே. ஒளித்து வைத்த குழாய், பை என்று உலகத்தில் யாரோ செய்த கள்ள வேலைக்கெல்லாம் முல்லைத்தீவுப் பிள்ளை சட்டையைத் தூக்க வேண்டியிருக்கிறது. நான் நேரே பார்க்க வேண்டும். சுவரைப் பார்க்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது. முதல் தடவை எனக்குத்தான் வியர்த்தது. கோப்பையோடு வெளியே வந்தால், அவரே இரண்டு கண்ணாடிப் போத்தல்களுக்குள் பிரித்து ஊற்றுவார். ஒன்று சோதிக்க, மற்றது சண்டை வந்தால் திறக்க. மூடியைத் திருகும்போது கடகடவென்று பல் கடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்றபிறகு அதை உடைத்தால் மட்டும்தான் திறக்கலாம். கடைசியாக, கிட்டடியில் என்ன மருந்து எடுத்தீர்கள் என்று மேடம் கேட்பார். சொல்வதை எழுதிக் கையெழுத்து.

மேடம் வென்றவரை வாழ்த்த மாட்டார், தோற்றவரைத் தேற்ற மாட்டார். ஒருமுறை ஒரு வீராங்கனையின் தாய் வாசலில் நின்று ரொபி மிட்டாய் நீட்டினார். "ரிசல்ட் வந்தாப்பிறகு தாங்கோ அம்மா" என்றார் மேடம். தாயின் முகம் மலர்ந்தது. "அப்பவும் நான் வாங்கமாட்டன்" என்று முடித்தார்.

சரி, ஜெனிற்றா.

முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். அவளும் விடியப்புறம் வலையில் மீன் தட்டிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பாள். வயது இருபத்திரண்டு, வாய் அதைவிட மூத்தது. அந்த வருடம் நெடுங்கேணியில் தொடங்கி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு நகரத்தில் முடிகிற ஒரு வீதியோட்டம் நடந்தது. கொழும்புக் கொம்பனி ஒன்றின் சைக்கிள் அணி மனேஜர் அவளைப் பார்க்கவே வந்திருந்தார். வென்றால் அணியில் இடம், மாதச் சம்பளம், நல்ல சைக்கிள், வெளிநாட்டுப் போட்டி. சோதனையில் மாட்டினால் அணி இல்லை என்பது மட்டுமல்ல, வருடக்கணக்காகப் போட்டிப் பக்கமே தலை காட்ட முடியாது. சோதனைக்கு வராமல் விட்டாலும் அதே தண்டனைதான். அவளுக்கு அன்று எல்லாமே அந்த ஒரு நாளில் கிடந்தது.

கடைசி நேர் வீதியை நான் இன்னும் கனவில் காண்கிறேன். வவுனியாப் பிள்ளை ஒருத்தி முன்னுக்கு, ஜெனிற்றா அவளின் பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு. வெயில் தாரில் தகதகக்கிறது. சனம் கயிற்றைத் தாண்டி வீதிக்குள் வந்துவிட்டது. கோட்டுக்குக் கிட்ட வந்ததும் ஜெனிற்றா முன்னவளின் முதுகு மறைவிலிருந்து வெளியே பாய்ந்து, நின்றபடி உழக்கினாள். சைக்கிள் இடமும் வலமுமாகத் துள்ள, முன்சில்லு மட்டும் முந்த, வென்றாள். நான் கத்தினேனா என்று கேட்காதீர்கள். எங்களுக்குக் கத்த அனுமதி இல்லை. தொண்டை மட்டும் அடுத்த நாள் கட்டியிருந்தது.

ஓடிப்போய் அறிவித்தலை நீட்டினேன். வியர்வை சொட்டச் சொட்டக் கையெழுத்துப் போட்டாள். பேனையைத் திருப்பித் தரவும் அவள் நிலத்திலிருந்து எழும்பவும் சரியாக இருந்தது. நாலு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். உதைபந்தோ படகோட்டமோ, யார் வென்றாலும், கரைவலை இழுக்கிற டிரக்டரில் ஏற்றி மாதா கோயில் வாசல்வரை கொண்டுபோய் இறக்குவார்கள். அதுவரை வென்றவரின் கால் நிலத்தில் படக் கூடாது. டிரக்டரை ஓட்டியவர் ஜெனிற்றாவின் தாயின் தம்பி பெனடிக்ற் மாமா. டிரக்டரின் பின்பெட்டியில் ஈர வலை, மீன் செதில், இருபது பேர், ஒரு பறை, அவளின் ஓட்டச் சைக்கிள். நான் என்ன செய்ய? கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதான் சட்டம். பெட்டியில் தொங்கி ஏறினேன். செதிலில் வழுக்கி வலைக்குள் விழுந்தேன்.

"மிஸ், நீங்களும் வெண்டனீங்களோ?" என்றான் பறைக்காரன்.

"ஓம், மூண்டாமிடம். தள்ளி இரு."

டிரக்டர் கிளம்பியது. வெடி, பறை, கூச்சல். வீதியோரமெல்லாம் சனம் சோடாப் போத்தலை நீட்டுகிறது. ஜெனிற்றாவுக்குத் தாகம், கிடைத்ததையெல்லாம் வாங்கப் போனாள்.

"தங்கச்சி, மூடி உடைக்காததை மட்டும் குடியுங்கோ. நீங்களே உடையுங்கோ."

மாமா திரும்பிப் பார்த்தார். "மிஸ், நாங்கள் நஞ்சு வைக்கப் போறமோ?"

"நஞ்சு எண்டாப் பரவாயில்லை மாமா. அதுக்கு நாங்கள் சோதிக்கிறேல்லை."

பெட்டி முழுக்கச் சிரித்தது, அவளும் சிரித்தாள். மூடி உடைத்து உடைத்து எத்தனை போத்தல் குடித்தாள் என்று நான் எண்ணவில்லை.

அப்போதுதான் ரூபன் வந்தான். வவுனியாவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன், அந்த இரண்டாமிடப் பிள்ளையின் பரம ரசிகன். எந்தப் போட்டிக்குப் போனாலும் அவனின் தொண்டையைக் கேட்கலாம். மோட்டார் சைக்கிளில் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு கத்தினான்.

"ஊசி! ஊசி! போன கிழமை கிளினிக்கால கையில பஞ்சை அமத்திக்கொண்டு வந்தவள். என்ர மச்சாள் கண்ணால கண்டவ."

"உன்ர மச்சாளுக்குக் கண் தெரியுமோடா? உன்னைக் கலியாணத்துக்குப் பாக்கிறாவாம்" என்றான் பறைக்காரன்.

"கதையை மாத்தாத. உங்கட பிள்ளை போன வருசம் எத்தினையாவது? இந்த வருசம் றொக்கட் மாதிரி வாறாள். என்னண்டு?"

"மீன் தின்ற உடம்படா. நீங்கள் கீரையோட இருங்கோ."

"முந்தி மாட்டின அந்த வெளிநாட்டுச் சம்பியனும் இப்பிடித்தான் சொன்னவன். கடைசியில என்ன நடந்தது? வெண்ட கோப்பையெல்லாம் பறிச்சாங்கள்."

பெட்டிக்குள் ஒரே அமளி. வெளிநாட்டுக்காரன் நல்லவன், அவனைக் கொம்பனி கெடுத்தது என்று ஒருத்தர். கொம்பனி என்ன வாயைப் பிளந்து ஊத்தினதோ என்று இன்னொருத்தர். மாமா டிரக்டரை ஓட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"எல்லாரும் அடிக்கிறாங்கள். உலகம் முழுக்க அப்பிடித்தான். எங்கட பிள்ளை ஒண்டு அடிச்சிருந்தாத்தான் இப்ப என்ன? வெண்டவள் வெண்டவள்தான். நாங்கள் இருக்கிறம் பிள்ளை, நீ யோசிக்காத."

பெட்டி கைதட்டியது. நான் ஜெனிற்றாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதானே வேலை. ரூபன் கத்தியபோது அவள் நாக்கைக் காட்டினாள். மாமா சொன்னபோது முகம் செத்துப்போனது. தன் ஆட்கள் தன்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் அடித்தவள் என்று ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டார்கள்.

"மாமா, நிப்பாட்டுங்கோ."

"கோயில் கிட்ட வந்திட்டுது பிள்ளை."

"நிப்பாட்டுங்கோ. எனக்கு ஒண்டுக்கு வருது. நான் போய்க் குடுக்க வேணும்."

பறை நின்றது. யாரோ கோயிலடியில் கழிப்பறை இருக்கிறது என்றார்கள். நான் குறுக்கே விழுந்தேன். "அங்க ஏலாது. சொன்னாப்பிறகு வாற முதல் சலம் எங்கட அறையிலதான் வேணும்." எங்கள் அறை போட்டி முடிந்த இடத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். நாங்கள் எதிர்த்திசையில் வந்திருந்தோம். பின்னால் வீதி நிறையச் சனம், டிரக்டரைத் திருப்ப வழியில்லை.

"கோயிலுக்கு முதல் கால் நிலத்தில படக் கூடாது" என்றார் மாமா. இந்தத் தடவை பகிடியாகச் சொல்லவில்லை. "கரையில ஒருத்தரும் அப்பிடிச் செய்யேல்லை."

ஜெனிற்றா பெட்டியிலிருந்து குதித்தாள். இரண்டு காலும் தாரில் பதிந்தன. அவளுக்குப் பின்னால் நானும் குதித்தேன்.

வீதியோரத்தில் ஒரு அக்கா பாற்காரச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். ஜெனிற்றா அதை வாங்கினாள் என்று சொல்வதைவிடப் பறித்தாள் என்று சொல்லலாம். "பிள்ளை, உன்ர சைக்கிள் இஞ்ச கிடக்கு" என்று மாமா கத்தினார்.

"அதில கரியர் இல்லை. மிஸ்ஸை எங்க ஏத்துறது?"

கேளுங்கள், இந்த நாட்டில் இந்த வேலை செய்கிற எவருக்காவது இந்தப் பாக்கியம் கிடைத்ததா? வீதியோட்டம் வென்று வியர்வைகூடக் காயாத பெண் என்னைக் கரியரில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். சில்லு நெளிந்து முனகியது. சனம் இரண்டாகப் பிளந்தது. ரூபன் முன்னுக்கு ஓடிவந்தான். குறுக்கே விடப் போகிறானோ என்று பயந்தேன். அவன் ஹோர்ன் அடித்துச் சனத்தை விலக்கினான்.

"வழி விடுங்கோ! ஊசி தானாப் போகுது! விடுங்கோ, பாப்பம்!"

சனம் குறைந்த இடத்தில் அவள் திரும்பாமலே சொன்னாள். "அக்கா, ரூபன் சொல்றது பொய் இல்லை."

காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "என்ன?"

"ஊசி போட்டனான். போன கிழமை. வலை தட்டேக்க சொறிமுட்டை பட்டு, கை முழுக்க வீங்கிட்டுது. கிளினிக்கில போட்டவை."

சொறிமுட்டை என்பது கடலில் மிதக்கிற, பட்டால் நெருப்பாக எரிகிற வழுவழுப்பான சாமான். கரையில் எல்லாருக்கும் ஒருநாள் படும்.

"என்ன ஊசி?"

"தெரியாது அக்கா. கேக்கேல்லை."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்கும். காய்ச்சலோ கடியோ, கிளினிக்குக்குப் போனால் கையை நீட்டுவோம். குளிசை தந்தால் இந்த டொக்டர் சரியில்லை என்போம், ஊசி போட்டால் நல்ல டொக்டர். என்ன ஊசி என்று கேட்பது அவரை நம்பாத மாதிரி. படித்த நானே போன மாதம் ஒன்று போட்டேன், இன்றைக்குவரை பெயர் தெரியாது. வீக்கத்துக்குப் போடுகிற ஊசிகளில் சில போட்டிக் காலத்தில் தடை. சில தடை இல்லை. அவளுக்குள் போனது எது என்று அந்த வீதியில் யாருக்கும் தெரியாது.

"அக்கா, சொல்லட்டோ, விடட்டோ?"

"தங்கச்சி, நான் அதைச் சொல்லேலாது. மேடம் கேப்பா. நீங்கள் என்ன சொல்லுறீங்களோ, அதுதான்."

சைக்கிள் இன்னும் வேகமாகப் போனது.

பள்ளிக்கூட அறையில் மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்தார், என் சட்டையில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தார். "கோப்பையை எடுங்கோ" என்றார் ஜெனிற்றாவிடம்.

கோப்பை, கழிப்பறை, சட்டை, சத்தம். விவரம் ஏற்கெனவே எழுதிவிட்டேன், இங்கே வேண்டாம். அவள் முகத்தில் வந்த நிம்மதியை மட்டும் சொல்லலாம், கோட்டைத் தாண்டியபோதுகூட அப்படி ஒன்று வரவில்லை. திரும்பி வரும்போது பெனடிக்ற் மாமா ஓடிவந்து மூச்சிரைக்க உள்ளே இருந்தார். ஒருவரைத் துணைக்கு வைத்திருக்க வீராங்கனைக்கு உரிமை உண்டு. போத்தல்களை அவளே நிரப்பினாள், அவளே திருகினாள். கடகடவென்ற சத்தம் நின்றது.

"கிட்டடியில ஏதும் மருந்து எடுத்தனீங்களோ?" மேடம் கேட்டார்.

"ஒண்டும் இல்லை எண்டு சொல்லு" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் பாக்கிறதுக்கு வந்தனீங்கள். கதைக்கிறதுக்கு அவா இருக்கிறா."

"அம்மா, வெளியில மனேஜர் நிக்கிறார். அது கிளினிக்கில போட்டது, ஒரு சொறிக்கு. அதையெல்லாம் எழுதினா அவை வேற மாதிரி விளங்கிக்கொள்ளுவினம். சோதனையில காட்டினாக் காட்டட்டும், காட்டாட்டி விடட்டும். நாங்களாப் போய் ஏன் வாயைக் குடுக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மருமகள் வென்ற நாளில் கரையின் வழக்கமும் உடைந்து, இப்போது அவளே எல்லாவற்றையும் கொட்டிவிடப் போகிறாளோ என்று பயந்து நின்றார்.

ஜெனிற்றா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். "ஊசி ஒண்டு போட்டனான். சொறிமுட்டை பட்டதுக்கு. என்ன ஊசி எண்டு தெரியாது. கேக்காமல் விட்டது என்ர பிழை."

"கிளினிக் எது எண்டு தெரியுமோ?"

"ஓம்."

"அதையும் எழுதுங்கோ. பெயர் தெரியாது எண்டதையும் எழுதுங்கோ. நாளைக்கே அந்த டொக்டரிட்டப் போய் என்ன போட்டது எண்டு கேட்டு எங்களுக்கு அறிவியுங்கோ."

அவ்வளவுதான். மேடத்தின் குரலில் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. அவள் எழுதினாள். மாமா நெற்றியைப் பொத்திக்கொண்டார்.

வெளியே வந்தால் வாசலை மூடிக்கொண்டு சனம். டிரக்டர் கோஷ்டி ஒரு பக்கம், ரூபனின் கோஷ்டி மறுபக்கம், நடுவில் கொம்பனி மனேஜர் கறுப்புக் கண்ணாடியோடு.

"என்ன பிள்ளை, குடுத்திட்டியோ?" என்றான் பறைக்காரன்.

"குடுத்திட்டன். ஊசி போட்டதையும் எழுதிக் குடுத்திட்டன்."

அவள் மனேஜரைப் பார்த்துச் சொன்னாள்: "சொறிமுட்டை பட்டது சேர். என்ன ஊசி எண்டு எனக்குத் தெரியாது. சரியான சாமானோ பிழையான சாமானோ எண்டு ரிசல்ட் சொல்லும். ஆனா வெல்லுறதுக்கெண்டு நான் ஒண்டும் போடேல்லை."

பிறகு நடந்ததைப் பார்த்துத்தான் ரசிகர் என்கிற சாதியை நான் விளங்கிக்கொண்டேன். முதலில் கத்தியது அவளின் ஆட்கள். டிரக்டரில் கைதட்டிய அதே ஒருத்தர், "அப்ப எங்களை மடையராக்கினனீயோ? மாதா கோயிலுக்கு உன்னைக் கொண்டுபோக வெளிக்கிட்டமே" என்றார். அடித்திருந்தாலும் பரவாயில்லை என்றவருக்கு, சொன்னது பெரிய குற்றமாகப் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் ரூபனின் நண்பன், "பாத்தியளோ, நாங்கள் சொன்னனாங்கள்" என்று குதித்தான். ரூபன் அவனின் தோளில் கையை வைத்தான்.

"பொறடா. களவெடுத்தவள் இப்பிடி வந்து சொல்லுவாளோ?"

"டேய், நீதானே காலமை தொடங்கி ஊசி ஊசி எண்டு கத்தினனீ?"

"கத்தினனான்தான். அவள் ஓம் எண்டிட்டாள். இனிக் கத்துறதுக்கு என்ன கிடக்கு?"

பறைக்காரன் ரூபனோடு சேர்ந்துகொண்டான், ரூபனின் நண்பன் டிரக்டர்காரரோடு சேர்ந்துகொண்டான். காலையில் எதிரெதிரே நின்றவர்கள் இடம் மாறிச் சண்டை பிடித்தார்கள். நடுவில் மனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் கையெழுத்து இல்லை. அதுக்குப் பிறகு பாப்பம்" என்று சொல்லி வாகனத்தில் ஏறினார்.

ஜெனிற்றா அழவில்லை. பாற்கார அக்காவின் சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தாள். பிறகு மாதா கோயிலுக்குத் தனியாக நடந்துபோனாள். மாமா டிரக்டரை மறந்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

எனக்கு வேலை அங்கேயே முடிந்தது. போத்தல்கள் பெட்டிக்குள் கொழும்புக்குப் போயின. முடிவு எங்களுக்குச் சொல்லப்படாது. நல்ல முடிவு என்றால் எங்கள் பக்கத்தில் சத்தமே இருக்காது, கெட்டது என்றால்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் கூப்பிடுகிறார்கள் என்றே எடுத்தேன். மேடத்திடம் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மேடம், அந்தப் பிள்ளையின்ர ரிசல்ட் என்னாச்சு?"

"எந்தப் பிள்ளை?" என்றார் மேடம். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, தானே தொடர்ந்தார்: "எனக்கும் தெரியாது பிள்ளை. நானும் கேக்கேல்லை. கேக்க விருப்பம்தான்."

அந்த நாட்களில் குழுவில் ஜெனிற்றாவைப் பற்றித்தான் கதை. மாட்டிக்கொண்டாள், மறைத்துவிட்டார்கள், கடலுக்கே திரும்பிவிட்டாள், கலியாணம் பேசுகிறார்கள். எனக்குப் பதில் தட்ட விரல் துடித்தது. போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வயலுக்குப் போய் அப்பாவுக்கு உதவி செய்தேன். அப்பா பயந்துபோய் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

அடுத்த பெரிய போட்டி கிளிநொச்சியில் தொடங்கியது. எனக்கு வேலை போட்டி முடிகிற இடத்தில்தான், ஆனாலும் காலையிலேயே தொடக்கத்துக்குப் போய்விட்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரூபன் நின்றான், கழுத்தில் கொடி, கையில் இடியப்பப் பார்சல். என்னைக் கண்டவுடன் ஓடிவந்தான்.

"மிஸ், மிஸ், ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. முல்லைத்தீவுப் பிள்ளை சுத்தமோ, இல்லையோ? நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

"தம்பி, நான் வாய் திறக்கேலாது. தெரிஞ்சாலும் சொல்லேலாது, தெரியாட்டியும் சொல்லேலாது."

"தலையையாவது ஆட்டுங்கோ."

"அதுவும் ஏலாது."

அவனுக்குப் பின்னால் வீராங்கனைகள் கோட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நீலச் சட்டை போட்ட கொம்பனி அணி ஒன்றாக வந்தது. நாலாவதாக வந்தவள் தலைக்கவசத்தின் பட்டியை இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்றவளுக்கு ஏதோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்தாள். அன்று கிளினிக்கில் போட்டது சொறிக்குப் போடுகிற சாதாரண அலர்ஜி ஊசி, தடையில் இல்லாதது என்று பிறகு அவளே எனக்குச் சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தடைபட்ட ஒருத்தியை அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலும் விடமாட்டார்கள்.

எனக்குச் சொல்லத் தடை. அவனுக்குப் பார்க்கத் தடை இல்லை. ரூபனின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

நாலாவது நீலச் சட்டையை அவன் கண்டுகொண்டான். பிறகு இடியப்பப் பார்சலை என் கையில் திணித்துவிட்டு, கயிற்றின் மேல் ஏறி, அவனின் வவுனியாப் பிள்ளையும் அதே கோட்டில் நிற்கிறாள் என்பதை மறந்து, ஜெனிற்றாவின் பெயரைக் கத்தத் தொடங்கினான். அவள் திரும்பிப் பார்த்து நாக்கைக் காட்டினாள். தொடக்கக் கொடி விழுந்தது.